தலைவி ஏறிய கம்பெனி பஸ்

ஒரகடம் கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், கதவோரமாக இடம் பிடித்திருந்தாள் சசிகலா. இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ் வரும், செகண்ட் ஷிப்ட். படத்தின் கடைசிக் காட்சிக்கு முன்னால் நழுவிவிடலாம் என்றுதான் யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள்.

பாராட்டு விழா பகலவனுக்கு. இன்று பெரிய டைரக்டர்; பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளோடு ஒரே லைனில் ஸ்பேனர் பிடித்தவன். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவனுக்காகத் தலைவி காத்திருக்கும் சங்கப் பாட்டு ஒன்றை, கம்பெனி பஸ் ஸ்டாப்பில் வைத்து அப்போது குறும்படமாக எடுத்தான்; அதைத்தான் இன்று விழாவில் திரையிடுகிறார்கள். தலைவி சசிகலாதான். கடைசி ஷாட்டில் மழையில் நனைந்தபடி சாலையைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாவி மகள் அதைக்கூடச் செய்யவில்லை. நிஜ பஸ் வந்துவிட்டது. கேமராவை மறந்து ஓடிப்போய் ஏறிவிட்டாள்!

இரவல் கேமரா அன்று மாலையே திரும்பிப் போனது. மறுபடி எடுக்க வழியில்லை. பகலவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அந்தப் படத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

படம் முடியப்போகும் நேரம் வெளியே ஹாரன் அடித்தது. சசிகலா எழுந்தாள். பக்கத்திலிருந்த நாத்தனார் ஜோதி கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க அண்ணி ஓட்ற? உன் படம் ஓடிக்கினு கீது!"

"பஸ்ஸு வந்துட்ச்சி, வுடு ஜோதி!"

"இன்னா பெரிய பஸ்ஸு? குந்து!"

திரையில் மழை. இளம் சசிகலா சாலையைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பஸ் வருகிறது. காத்திருந்தது போதுமடா சாமி என்பதுபோல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடி ஏறுகிறாள். பஸ் போன பிறகு தலைவன் குடையும் கையுமாக வந்து, வெறும் ஸ்டாப்பில் நின்று திருதிருவென விழிக்கிறான். பெண்கள் பக்கமிருந்து விசில் பறந்தது.

பெயர்கள் ஓடின. இயக்கம்: பகலவன். அதற்குக் கீழே, முடிவு: சசிகலா.

அவள் இன்னொரு முறை படித்தாள். கெடுத்துவிட்டோம் என்று இத்தனை வருடம் புழுங்கியதை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வெளியே பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் மேடைக்கும் கேட்டிருக்க வேண்டும். பகலவன் மைக்கைப் பிடித்துக் கடைசி வரிசையைத் தேடினான்.

"அக்கா, இன்னிக்காவது பஸ்ஸ வுட்டீங்களே!"