வீடியோ வேணாம்

இரண்டாவது அலையில் ஊரடங்கு போட்டபோது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த இரும்பு ஆலையில் ஒரு உத்தரவு வந்தது. விருப்பமுள்ளவர்கள் உள்ளேயே தங்கி வேலை செய்யலாம். கேட்டைத் தாண்டி வெளியே போனால் ஊரடங்கு முடிகிறவரை திரும்ப வர முடியாது. கிரேன் ஆபரேட்டர் எட்வர்ட் பேர் கொடுத்துவிட்டான். போன வருஷம் மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்ததை அவன் மறக்கவில்லை.

மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவனுக்கு ஒற்றை அறை வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி ஏஞ்சலுக்கு அவன் போவதில் இஷ்டமில்லை.

"போவாதீங்க. ஊர் பூரா நோய் சுத்திக்கினு இருக்குது. இருக்கறத தின்னுக்கினு ஒண்ணா கெடப்போம்."

அவன் கேட்கவில்லை. தானே துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினான். அவள் வாசல்வரைகூட வரவில்லை.

ஆலைக்குள் நாற்பது பேர் ஸ்டோர் ஷெட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளாளுக்குப் போனோடு ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். எட்வர்ட் வீடியோ கால் போடுவான். ஏஞ்சலுக்குக் கோபம் இரண்டே நாளில் தணிந்திருந்தது. அன்றைக்கு வைத்த குழம்பைக் காட்டுவாள். பக்கத்து வீட்டு செல்வி குறுக்கே எட்டிப் பார்த்து, "அண்ணா, எளச்சிட்டீங்களே" என்பாள்.

எட்டாம் நாள் ஏஞ்சல் வீடியோவில் வரவில்லை. "வீடியோ வேணாம். நெட்டு நிக்க மாட்டேங்குது. சும்மாவே பேசுங்க."

ஆனால் அவளும் பேசவில்லை. சாப்பிட்டீங்களா, சரி, வைக்கிறேன். அடுத்த நாளும் அதேதான்.

"இன்னா, இன்னும் கோவமா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. வேலய பாருங்க."

பழைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்படிப் பேசுகிறாள் என்று எட்வர்டுக்குப் பட்டது. யாருக்காக இந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறோம் என்று எரிச்சல் வந்தது. பத்தாம் நாள் அவன் போன் பண்ணவில்லை. வேண்டுமானால் அவளே கூப்பிடட்டும் என்று மற்றவர்களோடு சீட்டாடிவிட்டுப் படுத்துவிட்டான். அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணா, அக்காவ ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கினு போறாங்க. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கு. மூச்சு வுட முடியல."

"இன்னா சொல்ற? எப்பலேர்ந்து?"

"நாலு நாளா ஜொரம். ஒங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா வேலய வுட்டுட்டு வந்துருவீங்க, ஒங்களுக்கும் ஒட்டிக்கும்னு."

சூப்பர்வைசர் மணவாளன் கேட்வரை கூட வந்தார். "போனா உள்ள வுட மாட்டாங்கப்பா. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றார். எட்வர்ட் தலையாட்டிவிட்டு நடந்தான்.

ரயில் இல்லை, பஸ் இல்லை. கவரப்பேட்டைவரை வெயிலில் நடந்தான். அங்கிருந்து ஒரு பால் வண்டி பெரியபாளையத்தில் இறக்கிவிட்டது. அப்புறம் கொஞ்சம் நடை, கொஞ்சம் யாரோ ஒருவருடைய பைக். நடுவில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்றதும் விட்டுவிட்டார்கள். திருவள்ளூர் போய்ச் சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

வார்டுக்குள் விட மாட்டோம் என்றார்கள். ஏஞ்சலின் போனுக்கு அடித்தான். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"ஆக்சிஜன் வெச்சிருக்கோம், அவங்களால பேச முடியாது. நீங்க பேசுங்க, காதுல வெக்கிறேன்."

வேப்பமரத்தடியில் நூறு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு எட்வர்ட் போனை வாயருகே பிடித்துக்கொண்டான்.

"ஏஞ்சல், நான் வெளியதான் நிக்கறேன்" என்றான். "ஒன்ன உட்டுட்டு எங்கயும் போவல." அப்புறம், "நேத்து நான் வேணும்னேதான் போன் பண்ணல. நீ கோவமா இருக்கேன்னு நெனச்சிட்டேன்" என்றான்.

மறுபக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதைக் கேட்டாளா, புரிந்துகொண்டாளா என்று யாராலும் சொல்ல முடியாது. நர்ஸ் போதும் என்று வாங்கி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அந்த மரத்தடியிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் விடியற்காலை ஏஞ்சல் இறந்துவிட்டாள். உடம்பைச் சுற்றிக்கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக் கொஞ்சநேரம் காட்டினார்கள். மீஞ்சூர் கல்லறையில் பாஸ்டரும் எட்வர்டும் குழி வெட்டிய இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். பாஸ்டர் தூரத்தில் நின்று ஜெபம் பண்ணினார்.

எட்வர்ட் பதினாலு நாள் வீட்டிலேயே தனியாக இருந்தான். செல்வி சோற்றை வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்றுகொள்வாள். ஒருநாள் அவன் கேட்டான்.

"செல்வி, நான் பேசாத அன்னிக்கி அக்கா இன்னா பண்ணா?"

"தூங்கிட்டாங்கண்ணா."

"நெஜத்த சொல்லு."

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தெனமும் நீங்க பேசற நேரத்துக்கு சுடுதண்ணி கேப்பாங்க. பேசறப்ப இருமல் வரக் கூடாதுன்னு. அன்னிக்கும் குடிச்சிட்டு செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கினு இருந்தாங்க. நான்தான் 'நீங்களே போன் போடுங்கக்கா'ன்னேன். 'டூட்டில இருப்பாரு, பேஜாரு பண்ணாத'ன்னுட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சித்தான் படுத்தாங்க."

எட்வர்ட் அழவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"அப்பவே ஒங்களுக்கு சொல்லியிருக்கணும். எம்மேல தப்புண்ணா" என்றாள் செல்வி.

"நீ சத்தியத்த காப்பாத்துன" என்றான்.

செப்டம்பரில் மணவாளன் கூப்பிட்டு, இடம் காலியாக இருக்கிறது, வா என்றார். எட்வர்ட் போகவில்லை. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்பவர்கள் உன் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்டால், கொரோனா என்று சொல்லி முடித்துக்கொள்வதில்லை. தான் போன் பண்ணாத அந்த ஒரு நாளையும் சேர்த்தே சொல்வான்.