பன்னிரண்டு இல்லை, மூன்று

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், கொட்டாஞ்சேனையில் ஓர் உரக் கம்பனியில் ஜெகதீஸ்வரி கணக்குப் பார்த்தாள். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வந்துபோவாள். மனேஜர் ஒஸ்வால்டுக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. கணக்குக்கு அவளை விட்டால் ஆளில்லை என்பதால் பொறுத்திருந்தார்.

களனியில் கம்பனி ஒரு பரிசோதனை செய்தது. ஆறு பெரிய வயல்களில் சீட்டுக் குலுக்கி, மூன்றுக்கு மட்டும் உரம் போட்டார்கள். ஒவ்வொரு வயலையும் நாலு துண்டாக்கி நாலு இன நெல் விதைத்தார்கள். அறுவடை நிறைகள் வந்ததும் ஒஸ்வால்ட் அறிக்கையை எழுதியே கொண்டுவந்தார்: உரம் போட்ட பன்னிரண்டு துண்டிலும் விளைச்சல் கூடுதல், சந்தேகமே இல்லை.

“பன்னிரண்டு இல்லை சேர், மூன்று,” என்றாள் ஜெகதீஸ்வரி. “நெல்லினம்தான் துண்டுக்குத் துண்டு மாறினது. உரம் வயலுக்கு வயல்தான். ஒரு வயல் நல்ல மண்ணெண்டால் அதின்ர நாலு துண்டும் சேர்ந்துதான் விளையும். மூன்று வயலை வைச்சு உரத்தைப் பற்றி உறுதியா ஒண்டும் சொல்லேலாது.”

“உம்மிட்டக் கணக்குத்தான் கேட்டனான். புத்தி கேக்கேல்லை.”

“கணக்கு அதைத்தான் சொல்லுது. நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

மறுநாள் டைரக்டர்களின் கூட்டம். அதற்கென்று டைப் அடித்திருந்த பிரதிகளின் அடியில் தன் பெயரைக் கண்டாள் அவள். கூட்டத்துக்குள் போய், ஒவ்வொரு பிரதியிலும் அதை மையால் வெட்டினாள். காரணத்தையும் சொன்னாள்.

டைரக்டர்கள் விளம்பரத்தை நிறுத்தி, இருபது வயல்களில் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அன்று பின்னேரமே ஒஸ்வால்ட் அவளை வேலையால் நிப்பாட்டினார்.

அடுத்த போகமும் முடிந்தது. அவள் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஒஸ்வால்ட் மறித்து ஒரு கடதாசியை நீட்டினார். இருபது வயல்களின் முடிவு. நின்ற இடத்திலேயே கூட்டிப் பார்த்தாள். உரம் போட்ட பத்தும் தெளிவாகவே கூடுதலாக விளைந்திருந்தன. அந்த உரம் தோற்றிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவளுக்கு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

“இப்ப என்ன சொல்லுறீர்? நான் சொன்னது சரிதானே?”

“ஓம், உரம் நல்லம். ஆனா அண்டைக்கு அது உங்களுக்கும் தெரியாது.”

“வேலை போயும் வாய் குறையேல்லை.”

“இந்த இருபது வயலும் ஆரால வந்தது, சேர்?”

அவர் கடதாசியைப் பறித்து மடித்தார். ரயில் வந்தது. இருவரும் வேறு வேறு பெட்டியில் ஏறினார்கள்.