சுவர் ஆடிய அளவு

கிறேஸுக்குத் தரை ஆடுகிறதாம் என்ற செய்தி தோட்டம் முழுவதும் பரவிவிட்டது.

புசல்லாவைப் பக்கம் அந்தத் தோட்டத்தின் தேயிலை ஆலையான இஸ்டோரில் அவள் தேயிலையில் காம்பு பொறுக்கும் இடம் சுவரோரம். சுவருக்கு வெளியே தண்ணீர்ச் சக்கரம். மூன்று ஆள் உயரம், மெதுவாகத்தான் சுற்றும். அதன் அச்சு சுவரில் பதித்த பேரிங்கில் அமர்ந்து உள்ளே வந்து கொழுந்தை உருட்டும் ரோலர்களை ஓட்டியது.

"ஒவ்வொரு சுத்துக்கும் சொவரு சாயுதுங்க. படகுல இருக்குற மாதிரி வாந்தி வருது" என்று கணவன் அந்தோனிமுத்துவிடம் சொன்னாள். அவன்தான் அங்கே ஃபிட்டர்.

"நீ எப்ப படகுல போன?" என்றான்.

அவர்களுடைய குழந்தை அந்த மாரியில்தான் செத்திருந்தது. ஆகவே எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது. பக்கத்தில் காம்பு பொறுக்கும் பேச்சியம்மா தள்ளாடி நடந்து காட்டினாள். "ஐயோ, தரை ஆடுதே, என்னயப் புடிங்கடி!" பெண்கள் சிரித்தார்கள்.

அந்தோனிமுத்து சிரித்துவிட்டு விடவில்லை. பேரிங் மேல் ஒரு சதக்காசைச் செங்குத்தாக நிறுத்தினான். காசு நின்றால் மெஷின் நல்லது என்பது இஸ்டோர் வழக்கம். காசு நின்றது. கிறேஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

ரோலர் பழுதுபார்க்கக் கண்டியிலிருந்து வந்த பஸ்தியாம்பிள்ளையிடம் அதிர்வை அளக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அந்தோனிமுத்து கெஞ்சிக் கேட்டதால் அதைப் பேரிங் மேல் வைத்தார்.

"உள்ளுக்குள்ள சுருள் வில்லில ஒரு இரும்புக்குண்டு தொங்குது. பெட்டி அதிர்ந்தாலும் குண்டு அசையாது. முள்ளு அந்த வித்தியாசத்தைக் கீறிக் காட்டும்" என்றார்.

சுழலும் காகிதத்தில் நேர்கோடு விழுந்தது.

"ஒரு ஆட்டமும் இல்லை, தம்பி. உம்மட மனுசிக்கு ரத்தம் குறைவாயிருக்கும்."

அவன் அந்தக் கோட்டை அவளிடம் காட்டினான். "பாத்தியா? எங்கயாச்சும் கோணலா இருக்கா? ஆடுறது ஒன் தலை."

அவள் நெடுநேரம் பார்த்தாள். "அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு" என்றாள்.

அதன்பின் சுவரைப் பற்றி அவள் பேசவில்லை. கறிக்கு உப்புப் போட்டேனா, கதவைச் சாத்தினேனா என்று எதற்கும் அவனையே கேட்டாள். பிள்ளை செத்தது உண்மையா என்றுகூட ஒருநாள் கேட்டாள். அவன் அவளைக் கம்பளையில் அவளுடைய அக்கா ஐரின் வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

அடுத்த மழையில் பேரிங் தேய்ந்து பெல்ட் கழன்றது. பஸ்தியாம்பிள்ளை மறுபடி வந்தார். புதுப் பேரிங் போட்டு ஓட்டிவிட்டு, சக்கரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"தம்பி, பிழை விட்டிட்டம். அந்தப் பெட்டி வேகமா ஓடுற எஞ்சினுக்குச் செய்தது. இது இவ்வளவு ஆறுதலா, மெள்ள மெள்ள ஆடேக்க குண்டும் கூடவே ஆடும். ரெண்டும் சேர்ந்து ஆடினா முள்ளு என்னத்தைக் கீறும்? உம்மட காசும் அப்பிடித்தான்."

கட்டடத்தைத் தொடாமல், ஓடைப் பாறையில் ஒரு கம்பியை அறைந்தார்கள். அதன் நுனியில் பென்சில் கட்டி, பேரிங்கில் ஒட்டிய காகிதத்தில் முனை படும்படி வைத்தார்கள். சக்கரம் ஒரு சுற்று வந்தது. பென்சில் கீறிய கோடு சுண்டுவிரல் அகலத்துக்கு நீண்டிருந்தது. சுவருக்கு அடியில் மண்ணைத் தண்ணீர் தின்றிருந்தது.

மறுநாளே அவன் கம்பளைக்குப் போனான். ஐரின் வீடு ரயில் பாதையை ஒட்டியது. கிறேஸ் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பாறை, கம்பி, பென்சில் எல்லாம் சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி, புள்ள. சொவரு ஆடத்தான் செய்யுது. தப்பா அளந்துட்டோம். வா, வீட்டுக்குப் போவோம்."

"முந்தியும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க."

"அது தப்பான சாமான்."

"இது சரியான சாமான்னு யாரு சொன்னா?"

"அந்தக் கண்டி ஐயாதான்."

"அதே ஐயாவா?"

அவன் ஆமென்று தலையை அசைத்தான்.

அப்போது ரயில் வந்தது. அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன. கிறேஸ் கதிரையின் கைகளை இறுகப் பிடித்தாள். கோப்பைகளை அவள் பார்க்கவில்லை.

"இப்ப ஆடுச்சா?"

"ஆடுச்சு, புள்ள. எனக்கும் தெரிஞ்சுது" என்றான் அந்தோனிமுத்து.

"எனக்காகச் சொல்லாதீங்க" என்றாள். பிறகு ஐரின் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, இப்ப ஆடுச்சா?" என்று கேட்டாள்.

"ரயிலு போகுதுடி" என்றது ஐரினின் குரல்.

அதன் பிறகுதான் கதிரையின் கைகளை விட்டாள்.