வாளிக்குள் தலை விட்டவர்

மனத்தின் மேல் கவிந்திருக்கும் மூடுபனியை விலக்கத் தெரிந்தவனே இந்த உலகில் மெய்யாக விழித்திருப்பவன். மற்றவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள். இந்த மகாவாக்கியத்தை அருளியவர், வீட்டு மின்சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவின் மூத்த குமாஸ்தா. அருளியபோது அவருடைய சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன.

அவருக்கே ஒரு காலத்தில் மூடுபனி இருந்தது. மூடுபனி என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். மேனேஜர் வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது. ஃபிரிட்ஜ் கெட்டுப்போன வீட்டுக்கு வாஷிங் மெஷின் மெக்கானிக்கை அனுப்புவார். வாஷிங் மெஷின் கெட்டுப்போன வீட்டுக்கு யாரையுமே அனுப்பமாட்டார். “அப்பா தவறிட்டாருங்க, அவர் பேர்ல இருக்கிற சர்வீஸை ரத்து பண்ணணும்” என்று ஒருவர் வந்து நின்றபோது, “அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்.

இதெல்லாம் அவரை உறுத்தியதே இல்லை. பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்த பிறகுதான் உறுத்தியது. பிரிவுத் தலைவருக்குத் தனி அறை. அறைக்குக் கண்ணாடிக் கதவு. கதவைச் சாத்தினால் கூடத்தில் கொலையே நடந்தாலும் உள்ளே கேட்காது. புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பள உயர்வைவிட அந்தக் கதவு பெரிது.

கதவின் மேல் கண் வைத்தவர்கள் இருவர். ஒருவர் இவர். இன்னொருத்தி பக்கத்து மேசை அக்கா. இவரைவிட வயதில் சின்னவள்தான். ஆனால் அலுவலகம் முழுவதற்கும் அக்கா, ஆகவே இவருக்கும் அக்கா. முன்மேசையில் உட்கார்ந்து, பழுதான இஸ்திரிப் பெட்டியோடும் பழுதாகாத வாயோடும் வருகிற ஜனங்களுக்குப் பதில் சொல்வது அவள் பாடு. பதில் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை, துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே கத்தினால் குரல் மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“பதவியை வேணா நீங்களே வெச்சுக்குங்க சார். அந்தக் கதவை மட்டும் எனக்குக் கழட்டிக் கொடுங்க” என்பாள்.

இவர் சிரிப்பார். கதவு இல்லாத பதவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியும்.

ஆகவே மூடுபனியை விலக்கக் கிளம்பினார். காலையில் எழுந்ததும் செல்போனைப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் செல்போன் வீடியோவில் சொன்னார். அதை இவர் தினமும் காலையில் எழுந்ததும் பார்த்தார். சோற்றைக் கூழாகும்வரை மென்றார். சாப்பாட்டு மேசையில் அவரைத் தவிர எல்லாரும் கை கழுவிவிட்டு, டிவி பார்த்துவிட்டு, தூங்கப் போய்விடுவார்கள், அவர் மென்றுகொண்டிருப்பார். சாப்பிட்ட பிறகு வெறுங்காலோடு நடந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். செய்ய வேண்டிய மூன்று காரியங்களைத் தாளில் எழுதி வைத்தார். தாளை எங்கே வைத்தார் என்பதுதான் அன்றைய நான்காவது காரியம்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக வாளி வந்தது. குளிர்ந்த நீர் நிரம்பிய வாளிக்குள், காதுக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி தலையை விட்டு, மூச்சு முட்டும்வரை அப்படியே இருக்க வேண்டும். மூளைக்கு ரத்தம் பாய்ந்து பனி கரையும். அதோடு நிறுத்தினாரா? வெளியே வந்ததும் பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து, துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிற மாதிரி இரண்டு காதிலும் போட்டு இடித்தார். அறிவுக்கு வாசல் காது. வாசல் சுத்தமாக இருக்க வேண்டாமா?

“என்னங்க, குளியலறையில புரியாத சத்தமெல்லாம் வருதே, உயிரோட இருக்கீங்களா?” என்று மனைவி வெளியிலிருந்து கேட்பாள்.

முதல் இரண்டு வாரம் பதில் வந்தது. பிறகு வரவில்லை.

தெளிவு வந்துவிட்டது.

ஒரு நாள் காலை கண் விழித்தபோது உலகம் அடங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் வாயைத் திறந்து மூடியது. குரைப்பு எங்கோ ஊருக்கு அப்பால் கேட்டது. மனைவி எதிரே நின்று நீண்ட நேரம் உதட்டை அசைத்தாள். இல்லற வாழ்க்கையில் இப்படியொரு அமைதியை அவர் கண்டதே இல்லை. பயிற்சி பலித்துவிட்டது என்று கண் கலங்கினார்.

“காது கேக்கலையா உங்களுக்கு?” என்று அவள் கத்தியது மட்டும் சன்னமாக வந்து விழுந்தது.

“கேக்கறதுக்கும் கேட்டுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் இப்ப தேவையானதை மட்டும்தான் உள்ள விடறேன்.”

“காஸ் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். அது தேவையா, தேவையில்லையா?”

அது தேவையில்லாதவற்றோடு வெளியே நின்றுவிட்டது.

அலுவலகத்தில்தான் அதிசயம் முழுசாக விளங்கியது. ஒரு மனிதர் இஸ்திரிப் பெட்டியை மேசை மேல் ஓங்கி வைத்து, கம்பெனியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். கூடமே திரும்பிப் பார்த்தது. இவர் மட்டும் எருமை மேல் மழை பெய்த மாதிரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். தன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்த மேனேஜருக்குப் புல்லரித்தது. மேனேஜர்களுக்கு எளிதில் புல்லரிக்கும். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

“எல்லாரும் கத்துக்கணும் இவர்கிட்ட” என்று கூட்டம் போட்டுச் சொன்னார். “என்ன ஒரு கவனம்! என்ன ஒரு தெளிவு!”

அன்றிலிருந்து அவர் பெயர் தெளிவு சார்.

கோப்புகள் மளமளவென்று தீர்ந்தது உண்மை. டெலிபோன் அடித்தால் எடுப்பதில்லை, ஆள் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிறகு தீராமல் என்ன செய்யும்? அவர் எடுக்காத போனை எல்லாம் அக்கா எடுத்தாள். அவர் பார்க்காத ஆள்களை எல்லாம் அக்கா பார்த்தாள். அவருக்குத் தெளிவு ஏற ஏற அவளுக்குத் தொண்டை இறங்கியது.

மேனேஜர் அதோடு விடவில்லை. தெளிவு சார் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்ட வாளிப் பயிற்சி அவர் காதிலும் விழ, அலுவலகச் செலவில் ஒரு நீல வாளி வந்தது. வேலை தொடங்குமுன் பிரிவிலிருந்த ஒவ்வொருவரும் பின்கட்டுக்குப் போய்த் தலையை முக்கிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு. ஒரு வாரத்தில் புகார்ப் பிரிவு முழுவதும் தும்மியது. புகார் கொடுக்க வந்தவர்கள் தள்ளி நின்று கொடுத்தார்கள். அக்கா ஒருத்திதான் முடியாது என்றாள்.

“ஒரே வாளி, ஒரே தண்ணி, இத்தனை தலை. இதுல என் தலையை விட்டா என்ன தெளியும் சார்? பேன்தான் ஏறும்.”

“அக்காவுக்கு ஒத்துழைப்பு போதாது” என்று மேனேஜர் எழுதி வைத்துக்கொண்டார். கதவு அவள் கையை விட்டு நழுவ ஆரம்பித்தது.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் தெளிவு சாரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டாள். தட்டு உருண்டு, சுழன்று, பாடி அடங்கியது. மூலையில் தும்மிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் எழுந்தே நின்றுவிட்டார். தெளிவு சார் ஒரு கோட்டின் கீழ் அளவுகோல் வைத்து அழகாக இன்னொரு கோடு இழுத்தார்.

“யோவ், மரக்கட்டை” என்றாள் அக்கா, சாதாரணக் குரலில்.

அவர் மூன்றாவது கோடு இழுத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். மேனேஜரிடம் போய்ச் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் ஜாடையாகக் கேட்டதற்கு, “அவருக்குக் காது அடைச்சிருக்கு. என் வாயும் அடைச்சிருக்கட்டும், பாக்கலாம்” என்றாள்.

பதவியை முடிவு செய்ய டைரக்டர் வந்தார். எதையும் உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்துவிடுகிற மனிதர். உட்கார்ந்த இடம் எது என்று பார்ப்பதில்லை. மேனேஜர் அறையில் தெளிவு சாரையும் அக்காவையும் சேர்த்தே கூப்பிட்டார்.

தெளிவு சார் மூன்று பதில்களை மனப்பாடம் செய்து வந்திருந்தார். டைரக்டரின் உதடு அசைந்து நின்றால் ஒன்றை எடுத்து விடுவது என்று திட்டம். உள்ளதைச் சொன்னால், டைரக்டர் மெல்லப் பேசுவது அவருடைய பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

“வெளியில அவ்வளவு கூச்சல். உங்களுக்கு எப்படி வேலை ஓடுது?” என்றார் டைரக்டர்.

உதடு நின்றது. “சத்தம் வெளியில இல்லை சார், நம்ம மனசுலதான் இருக்கு” என்றார் தெளிவு சார்.

டைரக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்குப் புல்லரித்தது.

“அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?”

அக்கா தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலே ஒரு விண்ணப்பம் மாதிரி இருந்தது. “நான் சாதாரண மனுஷி சார். சத்தம் தாங்காது, ரூம் இருந்தா பொழைச்சுக்குவேன். சார் அப்படியா? இவரைப் போய் ஒரு கதவுக்குப் பின்னால அடைக்கிறது பாவம். இவர் முன்மேசையில உக்காரணும். வர்றவங்க எவ்வளவு கத்தினாலும் இவர் முகத்தைப் பார்த்தாலே அடங்கிருவாங்க.”

டைரக்டருக்கு இதில் ஒரு நியாயம் தெரிந்தது. தெளிவு சார் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தனி ரூம் வேணுமா, வேண்டாமா? வெளிப்படையா சொல்லுங்க.”

உதடு நின்றது. “அறை எனக்குள்ளேயே இருக்கு சார்” என்றார் தெளிவு சார்.

“அப்ப முன்மேசையை நீங்களே பார்த்துக்கறீங்களா? நாள் பூரா?”

“அதுக்குத்தானே சார் இத்தனை நாள் பயிற்சி எடுத்தேன்.”

டைரக்டர் எழுந்து கை கொடுத்தார். பதில்கள் தீர்ந்துபோயிருந்ததால் தெளிவு சாரும் எழுந்து கை கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் இனிப்பு வாங்கிக்கொண்டார்.

அந்த இனிப்பை அன்று யாரும் தின்னவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். இவர் கதவைத் தாழிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்தது. அவள் அழைப்பு மணியை அழுத்தினாள், தட்டினாள், உதைத்தாள், எதிர்வீட்டுக்காரரும் வந்து உதைத்தார். பயிற்சி முடிந்து, காற்று வாங்கலாமென்று இவராகக் கதவைத் திறந்தபோது, இரண்டு கையிலும் பையோடு, முந்தானை முனையில் தண்ணீர் சொட்ட அவள் நின்றிருந்தாள்.

“அடடே, நனைஞ்சிட்டியா?” என்றார்.

மறுநாள் காலை அவரைக் காது மருத்துவமனைக்கு அவள்தான் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

நர்ஸ் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “குச்சி போட்டுக் குத்திக்கிட்டாரா?” என்று மனைவியிடம் கேட்டார், அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. “காதுக் குறும்பியெல்லாம் உள்ள போய் இடிச்சு உக்காந்திருக்கு. தலையை அடிக்கடி தண்ணில முக்குவாரா? ஊறி, உப்பி, நல்லா அடைச்சுக்கிட்டிருக்கு.”

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். தட்டில் வந்து விழுந்ததைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. இரண்டு விழுந்தன.

உலகம் அப்படியே தலைக்குள் பாய்ந்தது. மின்விசிறி லாரி மாதிரி உறுமியது. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மனைவியின் குரல். அது இத்தனை நாளும் நிற்கவேயில்லை போலிருந்தது, ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில்தான் அவர் போய்ச் சேர்ந்தார். “…அன்னைக்கே என் தம்பி சொன்னான், மாமாவை டாக்டர்கிட்ட காட்டுன்னு, நான்தான் மூளைன்னு நெனச்சுட்டேன்…”

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. பிரிவுத் தலைவர், அக்கா. முன்மேசைப் பொறுப்பு, முழு நேரமும், அவர். கீழே அவருடைய தன்னலமின்மைக்கு நிர்வாகத்தின் பாராட்டு.

“அக்கா, இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு” என்று கண்ணாடிக் கதவருகே ஓடினார்.

“மெதுவா பேசுங்க சார், நல்லாவே கேக்குது” என்றாள் அக்கா. அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். “உங்களுக்கும் கேக்குது போல.”

“டைரக்டர் என்ன கேட்டாருன்னு எனக்கு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கேட்கவில்லை என்று சொன்னால் தெளிவு போய்விடும். கேட்டது என்று சொன்னால் கதவு போய்விடும். போன கதவு போகட்டும், இருக்கிற பேராவது இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

“அறை உங்களுக்குள்ளேயே இருக்கே சார். உள்ள போய் உக்காந்துக்குங்க” என்று அக்கா கதவைச் சாத்தினாள். அது சாத்துகிற சத்தம்கூட இதமாக இருந்தது. அதுதான் அன்றைக்கு அவர் கேட்ட கடைசி இதமான சத்தம்.

முதலில் ஒரு அம்மாள் வந்தாள். வாஷிங் மெஷின் மூன்று மாதமாக ஓடவில்லை; யாருமே வரவில்லை. புகாரை வாங்கி வைத்துக்கொண்ட மடையன் யார் என்று கேட்டாள். அவள் பின்னால் நின்றவரும் அதே மடையனைத்தான் தேடி வந்திருந்தார். டெலிபோன் அடித்தது. இன்னொரு டெலிபோன் அடித்தது. “மரக்கட்டைக்கு உயிர் வந்துருச்சு டோய், துள்ளுது பாரு” என்று டைப்பிஸ்ட் யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஃபிரிட்ஜ்காரரின் புகாரில் வாஷிங் மெஷின் என்று எழுதினார்.

மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவருக்குப் புல்லரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் வாளிக்குள் தலையை விட்டார். மறுநாளும் விட்டார். குச்சியும் போட்டார். உள்ளே இடித்து அடைக்க இனி எதுவும் மிச்சமில்லை. வார முடிவில் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் அந்த மருத்துவமனைக்குத் தனியாகப் போனார். அதே நர்ஸ்தான் இருந்தார். யாரும் பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எடுத்த குறும்பியைத் திரும்ப வைக்கும் வசதி அங்கே இல்லை.