பூக்காத பாதி

தையல்காரியின் துவரைச் செடிகள் அவள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. கரும்பச்சை இலை, கட்டைவிரல் மொத்தத்தில் தண்டு. ஆனால் கண்ணுக்கு எட்டியவரை ஒரு பூ இல்லை. வரப்பில் நெருக்கமாக நின்ற மரவரிசைக்கு அந்தப் பக்கம், நாத்தனாரின் பாதி மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது.

மாமனார் விட்டுப்போன ஒரே நிலம். அவள் கணவனுக்குப் பாதி, அவன் தங்கைக்குப் பாதி. இரண்டு பாதியிலும் ஒரே நாளில் விதைத்தார்கள். விதையை நாத்தனார்தான் இரண்டு பைகளில் வாங்கி வந்தாள்.

உரக்கடைக்காரர், "தண்ணி ஜாஸ்தி விட்டுட்டீங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் தம்பி, "தண்ணி பத்தலக்கா" என்றார். அவள் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தினாள், மறுவாரம் நிறையப் பாய்ச்சினாள். செடி எதற்கும் மசியவில்லை. லாரியோடு வெளியூரில் இருந்த கணவனோ போனில், "இலையாவது நல்லா வந்திருக்குல்ல, ஆட்டுக்குப் போடலாம்" என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

யோசித்து யோசித்துக் கடைசியில் விதைப் பையில் வந்து நின்றாள். நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"விதைப் பையை மாத்திக் கொடுத்தியா?"

நாத்தனாரின் கை கொடியிலேயே நின்றது. முகம் சிவந்துவிட்டது. "ஆமா அண்ணி, மாத்தினேன். ஆனா..."

"போதும்மா. நல்லா இரு."

அதற்குமேல் நிற்காமல் வந்துவிட்டாள். சந்தேகம் சரியாகிவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை. அப்படிச் செய்கிறவள் இல்லையே என்று ஒரு பக்கம் அரித்தது. அந்த நினைப்பில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்துவைத்தாள்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம், செடிகளை வெட்டிவிடலாமென்று அரிவாளோடு வயலில் இறங்கினாள். நடுவில் போனதும் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஒரு பட்டை மட்டும், நான்கு வரிசை அகலத்தில், முழுக்கப் பூத்திருந்தது. அதே பை விதை, அதே மண், அதே தண்ணீர். மண்ணை அள்ளி முகர்ந்தாள். வேரைத் தோண்டிப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கியது. வயலை ஒட்டிய மதிலுக்கு அப்பால் பஸ் டிப்போவின் பெரிய விளக்கு பளீரென்று எரிந்தது. அவள் பாதி முழுவதும் பகலாகிவிட்டது, அவள் உட்கார்ந்திருந்த இடமும் மரவரிசைக்கு அந்தப் பக்கமும் மட்டும் இருட்டு. டிப்போவின் பெயர்ப்பலகை நிழல் அவள் மேல் விழுந்திருந்தது. எழுந்து நிழலின் ஓரமாகவே நடந்தாள். நிழல் முடிந்த இடத்தில் பூவும் முடிந்தது.

மதிலோரம் போய் வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "இந்த லைட்டு எப்பலேர்ந்து எரியுது?"

"மூணு மாசமாச்சு. விடியற வரைக்கும் எரியும்."

"செடிக்கு ராத்திரியே வரல போலிருக்கு, அதான் பூக்கல," என்றாள், தனக்கே பாதி நம்பிக்கை இல்லாமல். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஆனாலும் மேனேஜரிடம் சொன்னான், மறுநாள் விளக்கு டிப்போ முற்றத்தைப் பார்த்துத் திரும்பியது.

நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள். "விதை மேல தப்பில்ல. லைட்டுதான். தெரியாமப் பேசிட்டேன். ஆனா நீ மாத்தினேன்னு சொன்னியே?"

"உங்களுக்குன்னு வெச்ச பை வண்டடிச்சிருந்தது. அதை நான் எடுத்துக்கிட்டு நல்லதை உங்களுக்குக் கொடுத்தேன். நீங்க சொல்ல விட்டாத்தானே."

"அப்ப ஏன் முகம் அப்படிச் சிவந்துச்சு?"

"தெரியல அண்ணி. திருடி மாட்டிக்கிட்ட மாதிரி கேட்டீங்க, அப்படியே ஆயிடுச்சு."

தையல்காரிக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

ஐந்தாறு வாரத்தில் அவள் பாதியும் பூத்தது, காயும் பிடித்தது. நாத்தனாருக்கு வந்ததில் பாதிகூடத் தேறாது. அறுப்பன்று கூப்பிடாமலேயே நாத்தனார் வந்து நின்றாள். ஒரு காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "காஞ்சிருக்கு, அறுக்கலாம்" என்று மட்டும் சொல்லி முதல் வரிசையில் குனிந்தாள். கோபம் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அந்தக் குரலில் எதுவும் பிடிபடவில்லை. தையல்காரியும் அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினாள்.