தட்டையான பக்கம்

பைலிச்சேட்டனின் கை வீக்கம் வடியாததற்கு டாக்டர் குருவிளா கண்டுபிடித்த காரணம் கள்ளு ஷாப்பு.

"வீட்டுல மாத்திரைய முழுங்கிட்டு நேரா ஷாப்புக்குப் போனா கை எப்படி ஆறும்? நாளைக்கும் இப்படியே இருந்தா ரெண்டு விரலையும் எடுத்துருவேன்" என்றார், வார்டே கேட்கும்படி.

"கர்த்தர் சத்தியமா குடிக்கல சாரே."

"உங்க சத்தியத்துக்கு ஷாப்புல தனி பெஞ்சே போட்டிருக்கு, மனுஷா" என்று மனைவி ஏலியாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரப்பர் வெட்டும் கத்தி பட்ட கை. இங்கே வருவதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் எரித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டதாகவும் அவர் சொன்னார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சோதனைக்குச் சீழ் எடுக்க லேபிலிருந்து வந்திருந்த எனக்கு மட்டும் அது காதில் நின்றது.

லேபுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவர் சீழிலிருந்து கிருமி வளர்த்த பழைய பிளேட் இருந்தது. எங்கள் தலைமை டெக்னீஷியன் தங்கச்சன் சேட்டன் அதைப் பார்த்துத்தான் கிளிண்டாமைசின் கேட்கும் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்; டாக்டர் கொடுத்துவந்த மாத்திரையும் அதுதான். பிளேட்டில் மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளை, ரிப்போர்ட்டில் அச்சாகும் வரிசையிலேயே அவர் வைப்பார். படிக்கச் சுலபமாம். அதனால் எரித்ரோமைசின் ஒரு ஓரம், கிளிண்டாமைசின் எதிர் ஓரம்.

இந்த வகைக் கிருமிகள் சிலவற்றில் மருந்தை ஏமாற்றும் ஒரு ஜீன் உண்டு. வீணாக வேலை செய்யாமல் அணைந்தே கிடக்கும். எரித்ரோமைசின் பட்டால் விழிக்கும். விழித்தால் கிளிண்டாமைசினும் பலிக்காது. சில கிருமிகளில் பிறகு அது அணைவதே இல்லை. இரண்டு வட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரியும். தள்ளி வைத்தால் ஜீன் தூங்குகிற கிருமி செத்துப்போகும், ரிப்போர்ட் அழகாக இருக்கும்.

அதே கிருமியை எடுத்துப் புதுப் பிளேட்டில் தடவி, இரண்டு வட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்திருந்த வட்டம், எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் ஜீன் விழித்துக் கிருமி பிழைத்திருந்தது.

"பழச எதுக்குத் தோண்டுற மோளே? போனது போச்சு" என்றார் தங்கச்சன்.

"போகல சேட்டா. ரெண்டாவது மாடில படுத்திருக்கு."

"உனக்கு எப்ப நாக்கு மொளச்சுது?"

பிளேட்டோடு ஓடினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பைலிச்சேட்டன் டிராலியில் கிடந்தார். ஏலியாம்மா அவர் செருப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்த டாக்டர் பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம குடுத்த கிளிண்டாமைசின் இவருக்குக் கேட்டிருக்கவே செய்யாது சார். எங்க ரிப்போர்ட் தப்பு."

"வேற எது கேக்கும்?"

"வான்கோமைசின்."

"உடனே ஆரம்பிங்க. விரல் ரெண்டும் உயிரோடதான் இருக்கு, இப்ப வெட்ட வேணாம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினார்.

"சார், அவர் குடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க."

"என்னது?"

"நேத்து எல்லார் முன்னாடியும் குடிகாரன்னு சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கதவு ஆடி நின்றது. அவர் உள்ளே போயிருந்தார்.

ஏலியாம்மா என்னையே பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா என் வாயாலயும் இவர ஏச வச்சீங்க, இல்ல?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"தள்ளு" என்று என்னை விலக்கிவிட்டு, அட்டெண்டருக்குக் காத்திராமல், டிராலியைத் தானே வார்டுப் பக்கம் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.