நான் பார்க்காத தோட்டாக்கள்

என் கணவர் சண்முகவேல் இறந்த வருடம், மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, அருமைநாதன் வீட்டுக்கு வந்தார். செயின்ட்-மிஷேலில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனை மளிகைக் கடை வைத்திருப்பவர். இலையுதிர் காலம் தவறாமல் என் கணவரோடு காட்டுக்குப் போனவர். என் கணவருடைய துப்பாக்கி அப்போது சட்டப்படி அவர் பெயருக்கு மாறியிருந்தது. அதற்குத் தோட்டா கேட்டு வந்திருந்தார்.

அது 257 ராபர்ட்ஸ். குழலின் துளை கால் அங்குலம். பழங்காலத்து அளவு, தோளில் அதிகம் இடிக்காது, மானுக்குப் போதும். தோட்டா கடையில் லேசில் கிடைக்காது, சொல்லி வைத்தால் வாரக்கணக்கில் ஆகும். அதனால் என் கணவர் பேஸ்மென்டில் தாமே செய்துகொள்வார். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி தரும் புதிய பிரைமர் பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை வைத்து அழுத்தினால் ஒரு தோட்டா.

நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். நான் இன்றுவரை மாமிசம் தொட்டதில்லை. அவர் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு தொட்டார். மான் கறிக்குத் தனிச் சட்டியும் தனி அடுப்பும் பேஸ்மென்டில் இருந்தன. ஆனால் தோட்டா செய்யும்போது எனக்கும் ஒரு வேலை உண்டு, அதற்கான லைசென்ஸும் எடுத்திருந்தேன். மருந்து போட்ட கூடுகளை மரக்கட்டையின் குழிகளில் வரிசையாக நிறுத்தி வைப்பார். நான் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நான் சரி என்று சொன்ன பிறகுதான் குண்டு ஏறும்.

கடைசிப் பெட்டியை நான் பார்க்கவில்லை. ஜூலையில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். அப்போது தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறார். நான் திரும்பிய மாதமே மாரடைப்பு.

"அண்ணை செய்த பெட்டி ஒண்டு கிடக்குமே அக்கா," என்றார் அருமைநாதன். "சனிக்கிழமை விடிய வெளிக்கிடுறன். அவற்ற கையால செய்த வெடியாலதான் இந்த முறை சுட வேணும் எண்டு இருக்கு."

"தர முடியாது, அருமை."

"ஏன்?"

"நான் பாக்கல."

அவர் சிரித்துவிட்டார். "சைவக்காரி பாக்காட்டில் துவக்கு வெடிக்காதோ? அண்ணை எஞ்சினியர் அக்கா. உப்புக்கூட நிறுத்துத்தான் போடுவேர்."

"உப்பை நான் போட்டேன். அவர் போட்டா குழம்பு வாயில வைக்க முடியாது."

அவரிடம் விளக்கிச் சொன்னேன். ஒரு கூட்டில் மருந்து விழாமல் போயிருந்தால் பிரைமர் மட்டும் வெடிக்கும். அந்தச் சின்ன விசையில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய்ச் சிக்கி நிற்கும். சுடுகிறவர் தோட்டா கெட்டுப்போனது என்று நினைத்து அடுத்ததை ஏற்றிச் சுட்டால், போக வழியில்லாமல் முகத்துக்குப் பக்கத்திலேயே குழல் வெடித்துவிடும்.

"முன்னால மான் நிக்குது. டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் கேக்குது. என்ன பண்ணுவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அடுத்ததை ஏத்துவன்," என்றார்.

"அதான் தர மாட்டேங்கிறேன்."

"அப்ப குலுக்கிப் பாப்பம். இல்லாட்டித் தராசில வைப்பம்."

இரண்டும் ஆகாது. இந்தக் கூட்டில் மருந்து கழுத்துவரை வரும், அதனால் குலுக்கினால் சத்தம் கேட்காது. காலியாக இருந்தாலும் கேட்காது. தராசும் உதவாது, என் கணவர் பல கம்பெனிக் கூடுகளைக் கலந்து வைத்திருந்தார்; ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. குறைவாக நிறுப்பது கூட்டாலா மருந்தாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயம் வேண்டுமானால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரிக்க எனக்கே மனசில்லை. என் கணவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், புத்தகங்களில் பாதியைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் எடுத்துப் போனார்கள். ஆனால் அந்தப் பெட்டி அவர் கடைசியாக உட்கார்ந்து முழுதாக முடித்த வேலை. அலமாரியில் அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. சுடவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஆனால் இவர் இன்றைக்கு வெறுங்கையோடு போனாலும் அடுத்த வருடம் வந்து கேட்பார். நான் இல்லாத ஒருநாள் யாராவது எடுத்துக் கொடுத்தும் விடுவார்கள்.

"கீழ வாங்க," என்றேன்.

தோட்டாவைப் பிரிக்கும் கருவி பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி இருக்கும். அதன் தலைக்குள் தோட்டாவைத் தலைகீழாகப் பூட்டி மரத்துண்டில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். அருமைநாதன் தட்டினார். நான் மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி நிறுத்தேன்.

முதல் தோட்டாவில் அளவு சரியாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க முள் அதே கோட்டில் வந்து நின்றது. பாதிப் பெட்டி தாண்டியதும் அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"காணும் அக்கா. அண்ணை பிழை விடேல்ல. மிச்சத்தை அப்பிடியே வைச்சிருங்கோ, எனக்கும் வேண்டாம். நான் ஏன் வந்து கேட்டன் எண்டு இருக்கு."

எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. "பாத்ததுதான் சரி. பாக்காதது பாக்காததுதான்," என்றேன். "தட்டுங்க."

பெட்டி முடிய மூன்றோ நான்கோ பாக்கி இருக்கும்போது, ஒரு தட்டில் குண்டு மட்டும் விழுந்தது. அவர் கருவியைத் திருப்பி உதறினார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு பித்தளைக் கூட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிவரை வெறுமையாக இருந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இந்தப் பக்கம்தான் போயிருக்கும், என்ன?" என்றார்.

மிச்சத்தையும் பிரித்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

"அப்பவே அவருக்கு ஏலாமல் இருந்திருக்குப் போல," என்றார் அவர். "கை நடுங்கியிருக்கும்."

"நடுங்கின கைன்னா எல்லாத்துலயும் கூடக்குறைய இருக்கும். இது ஒண்ணே ஒண்ணு. நடுவுல எழுந்து போயிருக்கார்."

"அண்ணை எழும்ப மாட்டேரே. மருந்து போடேக்கை வீடு பத்தினாலும் எழும்ப மாட்டேர். நான் எத்தினை தரம் போன் அடிச்சு ஏச்சு வாங்கினனான்."

உண்மைதான். அந்த மேஜையில் இருக்கும்போது அவர் யாருடைய போனையும் எடுத்ததில்லை. ஆனால் அந்த ஜூலையில் நான் சென்னையிலிருந்து தினமும் காலையில் கூப்பிடுவேன். இங்கே அது முந்தைய நாள் ராத்திரி. போன் இரண்டு முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். ஒருநாள் மூச்சு வாங்கியது. என்னவென்று கேட்டதற்குப் படியேறி வந்தேன் என்றார். கல்யாணத்துக்கு வாங்கிய புடவையெல்லாம் என்ன நிறம் என்று விசாரித்தார். நிறத்தைப் பற்றி அவர் அதுவரை கேட்டதே இல்லை.

இதை நான் அருமைநாதனிடம் சொல்லவில்லை. "யாரோ கூப்பிட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னேன். அவரும் யார் என்று கேட்கவில்லை.

மேஜையில் எல்லாம் பரப்பிக் கிடந்தது. மருந்து என் கணவர் நிறுத்தது, குண்டுகள் அவர் பொறுக்கியவை, கூடுகள் அவர் துடைத்தவை. எதுவும் வீணாகவில்லை. நான் மறுபடி ஒவ்வொன்றுக்கும் நிறுத்துப் போட்டேன். அந்த ஒரு கூட்டுக்கு மட்டும் அவருடைய டப்பாவிலிருந்து புதிதாக எடுத்தேன். கட்டையில் நிறுத்தியதும் டார்ச்சை அருமைநாதன் கையில் கொடுத்தேன்.

"நானோ?"

"போட்டது நான். நானே பாக்கக் கூடாது."

அவர் குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். கடையில் கள்ள நோட்டுப் பார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார்.

"ஓம் அக்கா. எல்லாம் ஒரே மட்டம்."

நான் குண்டுகளை ஏற்ற ஆரம்பித்தேன். குண்டை அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடி நான் நினைத்ததைவிட லேசாக இறங்கியது. வெறுமையாக இருந்த கூட்டைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். பெட்டியில் அடுக்கும்போது எது அது என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் தோன்றவில்லை.

அருமைநாதன் பெட்டியை வாங்கி ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தார். படியேறும்போது திரும்பினார்.

"இப்ப இது அண்ணை செய்ததோ, நீங்கள் செய்ததோ?"

"காட்டுல போய் அதை யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. சத்தம் சரியா வரலைன்னா முதல்ல குழலைப் பாருங்க."

"பாக்கிறன்," என்றார்.